கேள்விக்குறி மட்டும் போதாது, அம்புக்குறியும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தமிழ் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தருகிற பகுதியை நான் விடாமல் படிக்கிறேன். நல்ல காரியம். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் போடுவதே பெரிய உதவி, ஏனென்றால் ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் அதை ஆங்கிலமாகவே வாசித்துத் தொலைக்கிறார்கள். நம்முடைய 'ஞ' அப்படியே அவர்களிடம் இருக்கிறது, சொல்லின் நடுவில் வரும் 'த' நாம் சொல்கிற மாதிரியே மெதுவாகத்தான் வரும், இதெல்லாம் தமிழ் எழுத்தில் பார்த்தால் பட்டென்று புரிந்துவிடும். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு வாக்கியம் எப்படி முடிகிறது, குரல் ஏறி முடிகிறதா, இறங்கி முடிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்று இதுவரை ஒரு வாரம்கூட நீங்கள் எழுதவில்லை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். என் வேலையில் பாதித் தலைவலி அதுதான்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்தில், ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களோடு நம் பிள்ளைகள் பேசிய அழைப்புகளைப் பதிவில் கேட்டு மார்க் போடுவது என் வேலை. குவாலிட்டி என்று சொல்லுவோம். வருகிற பிள்ளைகள் எல்லாரும் வினைச்சொல் அட்டவணையைத் தலைகீழாகச் சொல்லுவார்கள், சான்றிதழ் வைத்திருப்பார்கள், எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவார்கள். அப்புறம் ஹெட்செட்டை மாட்டினால் கதை வேறு.

ஒரு அழைப்பைச் சொல்கிறேன். மெக்சிகோவில் இருந்து ஒரு அம்மா பேசுகிறார். 'யா யேகோ எல் பெதிதோ' என்கிறார். 'ஆர்டர் வந்து சேர்ந்துவிட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். நம் பையன் சந்தோஷமாக 'முய் பியென், கிராசியாஸ்' என்கிறான், அதாவது ரொம்ப நல்லது, நன்றி. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா அதே நான்கு சொற்களை இன்னும் நிதானமாகச் சொல்கிறார், இவன் இன்னும் உற்சாகமாக 'பெர்ஃபெக்தோ' என்கிறான். அவர் கேட்டது, ஆர்டர் வந்துவிட்டதா என்று. வராத பொருளுக்காக மனம் நொந்து போன் போட்டவருக்கு இரண்டு முறை வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. பையனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாமல் இல்லை. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்து மேலே போனதை மட்டும் அவன் காது எடுத்துக்கொள்ளவில்லை.

இது ஏன் நம்மவர்களுக்கு இவ்வளவு வருகிறது என்றால், தமிழில் கேள்வியை ஓர் எழுத்து சுமந்துகொண்டு வரும். வந்தான் என்றால் செய்தி, வந்தானா என்றால் கேள்வி. 'ஆ ஏ ஓ அம்மூன்றும் வினா' என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. நீங்கள் எந்தச் சுருதியில் சொன்னாலும், தூங்கி வழிந்துகொண்டு சொன்னாலும், அந்த 'ஆ' இருக்கிற வரைக்கும் அது கேள்விதான். ஆங்கிலத்தில் துணைவினையை முன்னால் தள்ளிவிடுகிறார்கள், அதனால் வாக்கியம் தொடங்கும்போதே தெரிந்துவிடும். ஸ்பானிஷில் இந்த இரண்டுமே கிடையாது. எழுவாயையும் வினையையும் இடம் மாற்றுவது உண்டு, ஆனால் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் (இதில் மட்டும் தமிழ் மாதிரியே) பெரும்பாலும் எழுவாயைச் சொல்லவே மாட்டார்கள், இல்லாததை எங்கே இடம் மாற்றுவது? ஆம்-இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விகளில் சொல் ஒன்றாகவே இருக்கும், வரிசையும் ஒன்றாகவே இருக்கும், குரல் மட்டும்தான் வேறு.

தலைகீழ்க் கேள்விக்குறியை வாக்கியத் தொடக்கத்தில் போடுகிறார்களே, உங்கள் பகுதியிலும் அழகாக அச்சிடுகிறீர்கள், அது வந்ததே இதனால்தான். ஸ்பெயினின் மொழிக் கழகம் 1754-ஆம் ஆண்டு எழுத்துமுறை நூலில் அதைக் கொண்டுவந்தது, நீளமான வாக்கியத்தில் எங்கிருந்து கேள்வியாக வாசிக்க வேண்டும் என்று வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று. கண்ணுக்குச் சரி. போனில் பேசுகிற மெக்சிகோ அம்மா தலைகீழ்க் கேள்விக்குறி போட்டுவிட்டுப் பேசமாட்டாரே.

சரி, காதால் எப்படிப் பிடிப்பது? முதலில், எங்கே கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஸ்பானிஷில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை அழுத்தமாக வரும். வாக்கியத்தின் கடைசி அழுத்தத்தில் இருந்து முடிவு வரைக்கும் உள்ள துண்டு இருக்கிறதே, விஷயம் எல்லாம் அங்கேதான். 'பெதிதோ'வில் அழுத்தம் 'தி'யில். செய்தியாகச் சொன்னால் குரல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டு வந்து, 'தி'யில் தணிந்து, 'தோ'வில் தரையைத் தொட்டுவிடும், பல பேர் பேச்சில் அந்தக் கடைசி 'ஓ' காதிலேயே விழாது. மாட்ரிட்காரர் கேள்வியாகச் சொன்னால் 'தி' தணிந்தேதான் இருக்கும், 'தோ' மட்டும் சட்டென்று மேலே ஏறும். பாருங்கள், வித்தியாசம் முழுக்க அந்த ஒற்றை உயிரெழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் சொல்லை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது கேட்கவே கேட்காது. 'கஃபே' மாதிரி அழுத்தம் கடைசி அசையில் விழும் சொல்லாக இருந்தால் ஏற்றம் இறக்கம் முழுவதும் அந்த ஓர் அசைக்குள்ளேயே நடந்துவிடும், 'நூமெரோ' மாதிரி முன்னால் விழுந்தால் பின்னால் இரண்டு அசை இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம். தமிழில் எந்த அசையில் அழுத்துகிறோம் என்பதால் பொருள் மாறுவதில்லை, அதனால் நமக்கு அழுத்தத்தைத் தேடும் பழக்கமே இல்லை. அதையும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செய்தியைவிடக் கேள்வியில் தொடக்கத்திலேயே குரல் சற்று உயரத்துக்குப் போய்விடும். பழகிய காது வாக்கியம் முடியும் முன்பே பாதி யூகித்துவிடுகிறது. புதுப் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதில்லை, முதலில் முடிவைப் பிடிக்கட்டும்.

தோமாஸ் நவாரோ தோமாஸ் என்று ஒரு ஒலியியல் அறிஞர், ஸ்பெயின்காரர், உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1944-இல் ஸ்பானிஷ் குரல் ஏற்ற இறக்கத்துக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதில் சொற்றொடர் முடிவுகளை ஐந்தாகப் பிரித்திருப்பார்: நன்றாக இறங்குவது, கொஞ்சம் இறங்குவது, அப்படியே நிற்பது, கொஞ்சம் ஏறுவது, நன்றாக ஏறுவது. அதன்பின் கணினி வந்து, வரைபடம் வந்து, இன்னும் நுட்பமான குறியீடுகள் வந்துவிட்டன, ஆனால் வகுப்பறைக்கு இந்த ஐந்தே அதிகம், மூன்று போதும். இறக்கம், நிற்பது, ஏற்றம்.

இது நமக்கு வராத வித்தை ஒன்றும் இல்லை. 'சரி' என்ற ஒரு சொல்லை வைத்து நாம் என்னென்ன செய்கிறோம்! இறக்கிச் சொன்னால் பேச்சு முடிந்தது, போனை வை என்று பொருள். ஏற்றிச் சொன்னால் புரிந்ததா என்று கேட்கிறோம். இழுத்து நிறுத்தினால் 'மேலே சொல்லு, இன்னும் விஷயத்துக்கு வரவில்லை' என்று அர்த்தம். வீட்டில் அம்மா சொல்கிற 'சரி' எந்தச் சரி என்று தெரியாத பிள்ளை சென்னையில் உண்டா? மெக்சிகோக்காரர்களின் 'புவெனோ'வும் இப்படித்தான். ஏற்றினால் போனில் சொல்லும் ஹலோ, லைனில் சத்தம் இல்லாவிட்டால் இருக்கிறீர்களா என்று பார்ப்பதற்கும் அதேதான். நிறுத்தினால் 'அது வந்து...' என்று யோசிக்கிறார். இறக்கினால் சரி, ஆகட்டும். அகராதியில் 'நல்லது' என்று மட்டும் படித்துவிட்டு வந்த பெண், லைனில் ஆள் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்டதற்கு நன்றி சொன்னதும் என் பதிவுகளில் இருக்கிறது.

அவ்வளவு ஏன், 'ஆ' இல்லாமல் குரலாலேயே கேள்வி கேட்பதும் நம் பேச்சில் வந்துவிட்டது. 'அப்போ நாளைக்கு வர?' என்கிறார்கள் பசங்கள். இதை எழுத்தில் பார்த்தால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் ஸ்பானிஷ் வகுப்பில் முதல் நாள் எடுத்துக்காட்டாக இதைவிட நல்லது எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து நம்மவர்கள் பேசும்போது செய்வது. எல்லாக் கேள்வியையும் ஏற்றிவிடுவது. எங்கே, எப்போது, யார், ஏன் என்று கேள்விச்சொல்லோடு தொடங்கும் வாக்கியங்கள் ஸ்பானிஷில் சாதாரணமாக இறங்கித்தான் முடியும், செய்தி மாதிரியே. 'குவாந்தோ யேகா எல் பெதிதோ', ஆர்டர் எப்போது வரும், இதில் 'குவாந்தோ'வே கேள்வி என்று சொல்லிவிட்டது, கடைசியில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஏற்றிச் சொன்னால் தப்பு என்றும் சொல்லமுடியாது, பணிவாகவோ ஆர்வமாகவோ கேட்பதாகத் தோன்றும், ரொம்ப ஏற்றினால் 'எப்போது என்றா கேட்டீர்கள்?' என்று திருப்பிக் கேட்பது போல ஆகிவிடும். ஒரே அழைப்பில் எட்டுக் கேள்வியையும் அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? அதேபோல டீயா காபியா என்று கேட்கும்போது முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். இரண்டையும் ஏற்றினால் வேறு ஏதோ மூன்றாவதும் இருக்கிறது போல என்று காத்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் வினா ஆறு வகை என்று மனப்பாடம் செய்தோமே, அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல், கொடை, ஏவல் என்று. எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமலே ஒப்பித்தோம். எனக்கு அது இந்த வேலையில்தான் உதவுகிறது. தெரியாமல் கேட்பதும், தெரிந்ததை உறுதிசெய்துகொள்ளக் கேட்பதும் ஸ்பானிஷில் ஒரே முடிவில் வராது. மாட்ரிட் பக்கம் உறுதிசெய்யக் கேட்கும் கேள்வி இறங்கியும் முடியும். 'ஆக, ஆர்டர் வந்துவிட்டது, அப்படித்தானே' என்கிற தோரணை. அதைச் செய்தி என்று எடுத்துக்கொண்டு நம் பிள்ளை பேசாமல் இருந்தால், நாம் ஒத்துக்கொண்டோம் என்று அவர் முடிவு செய்துவிடுவார், அப்புறம் சண்டை.

எண்கள் சொல்லும் இடம்தான் என்னை ரொம்பச் சோதிப்பது. வாடிக்கையாளர் ஆர்டர் எண்ணைப் பிரித்துப் பிரித்துச் சொல்வார். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் குரல் நிற்கும், அல்லது லேசாக ஏறும். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கடைசித் துண்டு இறங்கும். முடிந்தது. நாமும் தமிழில் போன் நம்பரை இப்படித்தான் சொல்கிறோம், வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரை அவருடைய நம்பரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் ஸ்பானிஷ் என்று வந்துவிட்டால் பிள்ளைகள் இதை மறந்து, சின்ன இடைவெளி விழுந்த உடனே குறுக்கே பாய்ந்து 'சரி, பதிந்துகொண்டேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். பட்டியல் சொல்லும்போதும் கேளுங்கள், கடைசிப் பொருளுக்கு முந்தியது ஏறும், கடைசியாக 'இ' என்று 'உம்' போட்டுச் சொல்கிற பொருள் இறங்கும். அந்த ஏற்றம் வந்தால் அடுத்ததோடு முடிகிறது என்று தயாராகிவிடலாம்.

லைன் சரியில்லை, அதனால் ஏற்ற இறக்கம் கேட்கவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லுவார்கள். பழைய போன் லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் என்பது உண்மை, ஆண் குரலின் அடிப்படை அதிர்வு அதற்கும் கீழே, 100-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதன் மடங்குகளாக மேலே வரும் அதிர்வுகளை வைத்தே காது சுருதியைக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் போனில் அப்பா கோபமாகப் பேசுகிறாரா சாதாரணமாகப் பேசுகிறாரா என்று நமக்கு எப்படித் தெரிகிறது?

இனி, உங்கள் பகுதியை எழுதுகிறவர் 'ஏறினால் கேள்வி, இறங்கினால் செய்தி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. எல்லா இடத்திலும் கேள்வி ஏறி முடியாது. போர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் ஆம்-இல்லை கேள்வி இறங்கி முடிவது சர்வ சாதாரணம். அப்படியானால் செய்தியில் இருந்து எப்படிப் பிரிப்பது? கடைசி அழுத்தத்தின் உயரத்தை வைத்து. செய்தியில் 'தி' தணிந்திருக்கும். அவர்கள் கேள்வியில் 'தி' எல்லாவற்றையும்விட உயரத்துக்குத் தாவி, அங்கிருந்து 'தோ' விழும். கடைசியை மட்டும் கேட்டால் ஏமாந்துவிடுவோம், எங்கிருந்து விழுந்தது என்று கேட்க வேண்டும். கனேரித் தீவுகளிலும் இப்படி ஏறி இறங்கும் கேள்வி உண்டு. புவெனோஸ் அயர்ஸ்காரர்கள் இன்னொரு ரகம். அழுத்தத்தில் ஏற்றி, கடைசி அசையில் இழுத்து இறக்குவார்கள், ஏதோ பாடுகிற மாதிரி இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய இத்தாலியர்களின் பேச்சு அதில் கலந்திருக்கிறது என்று ஒலியியல்காரர்கள் சொல்கிறார்கள். நமக்கு இது புரியாத விஷயமா? கோயம்புத்தூர்க்காரர் ஒரு வாக்கியத்தை முடிப்பதும் திருநெல்வேலிக்காரர் முடிப்பதும் ஒன்றா?

நான் பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்வது ரொம்ப எளிது. வாயை மூடிக்கொண்டு வாக்கியத்தை 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். சொல் எதுவும் இல்லை, குரல் மட்டும். ஒருவர் முனக, மற்றவர் கேள்வியா, செய்தியா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பக்கத்து கேபினில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. சொற்களை எடுத்துவிட்டால் காதுக்கு வேறு வேலை இல்லை, அதனால் முடிவை நன்றாகப் பிடிக்கிறது. பாட்டுக் கற்றவர்களுக்கு இது சுலபமாக வரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நான் பார்த்தவரையில் அப்படி இல்லை, அவர்கள் ஸ்வரத்தைத் தேடுகிறார்கள். பேச்சுக்கு ஏது கட்டின சுருதி, அந்தந்த ஆளுக்கு அவரவர் தரை, அவரவர் கூரை, அதற்குள் எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கணக்கு.

காசு செலவும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் எழுதிய பிராட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பதிவைப் போட்டால் குரல் போன பாதையை நீலக் கோடாக வரைந்து காட்டிவிடும். ஊர் ஊராக ஸ்பானிஷ் வாக்கியங்களைப் பதிவுசெய்து, ஒலியோடும் கோட்டோடும் இணையத்தில் வைத்திருக்கிற ஓர் ஒலி வரைபடமும் இருக்கிறது, பிலார் பிரியேத்தோவும் பாவ்லோ ரோசேயானோவும் ஒருங்கிணைத்தது. ஒரே வகைக் கேள்வியை மாட்ரிட்காரரும் போர்ட்டோ ரிக்கோக்காரரும் எப்படிக் கேட்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். சென்னையில் வாரக் கடைசி வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள், வகுப்பில் இதைப் போட்டுக் காட்டுவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஸ்பானிஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது, அழுத்தம் விழும் கடைசி அசையைத் தடித்த எழுத்தில் போட்டு, வாக்கிய முடிவில் ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள். மேலே, கீழே, நேராக, மூன்று போதும். எந்த ஊர்ப் பேச்சை வைத்து அம்பு போடுகிறீர்கள் என்பதையும் பகுதியின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள், மாட்ரிட் என்றால் மாட்ரிட், மெக்சிகோ என்றால் மெக்சிகோ, இரண்டையும் கலக்க வேண்டாம். அந்தந்த வாரத்து வாக்கியங்களைச் சொந்த மொழியாகப் பேசும் ஒருவரைக் கொண்டு பேசவைத்துப் பதிவுசெய்து, கட்டத்தின் மூலையில் ஒரு கியூஆர் குறியீடு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இடம் போதவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு வினைச்சொல் அட்டவணையை நிறுத்திவையுங்கள், அது எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருங்குடி, சென்னை